எல்லைப்புற ரயில் பாதையில் டீசலும் மின்சாரமும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்குகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ரயில் பாதையில், மாநில எல்லைக்கு முன்பாக வரும் முக்கிய நிலையங்கள் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் ஆகும். பாறசாலைக்கு அப்பால் சிறிது தொலைவில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இப்பகுதிக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் பேசப்படுவதுண்டு. காலையில் இங்கிருந்து தலைநகருக்குச் செல்வோரில் அலுவலகப் பணியாளர், கடைச் சிப்பந்திகள், கட்டடத் தொழிலாளர், கல்லூரி மாணவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகள் எனப் பல திறத்தினரும் அடங்குவர். அவர்களுடைய அன்றாட வாழ்க்கை ஒரு சில ரயில்களின் நேரத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய பாதையில் ரயிலை இழுப்பதற்கு டீசல் ஏற்றதா, மின்சாரம் ஏற்றதா என்னும் வினா நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. இன்று இப்பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டது. ஆயினும் அந்த வினாவை ஆராய்வதில் இன்றும் பயன் உண்டு. மின்சாரக் கம்பி எதைத் தந்தது, எதைத் தரவில்லை, தராததை எவ்வழியில் பெறலாம் என்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து எங்கே முதலீடு செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

பாதை வந்த வரலாறு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் பாதை செங்கோட்டை வழியாகக் கொல்லத்தை 1904-ஆம் ஆண்டு அடைந்தது. அது மீட்டர் பாதை. அங்கிருந்து 1918-இல் திருவனந்தபுரத்தின் சாக்கைப் பகுதிக்கும், 1931-இல் இன்றைய மத்திய நிலையத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் தலைநகருக்குத் தெற்கே உள்ள நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்களுக்கு ரயில் வரவில்லை. நாடு விடுதலை பெற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்நிலையே நீடித்தது.

இதற்கிடையில் 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. விளவங்கோடு முதலிய நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே சந்தையையும் ஒரே சாலையையும் பயன்படுத்தி வந்த மக்கள் இரண்டு மாநிலத்தவராயினர். களியக்காவிளையில் இறங்கி வேறு பேருந்து மாறுவது பலருக்குப் பழக்கமாயிற்று.

திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ஆகிய ஊர்களை இணைக்கும் அகலப் பாதைக்கு 1972-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1979 ஏப்ரலில் பாதை திறக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 87 கிலோமீட்டர். 1981 ஏப்ரலில் நாகர்கோவில்–திருநெல்வேலி இணைப்பும் நிறைவுற்றது. 1979 அக்டோபரில் உருவான திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் மாநில எல்லையைத் தாண்டி நாகர்கோவிலுக்கும் அப்பால் பரந்துள்ளது. ஆகவே இந்தப் பாதையில் மாநில எல்லை பயணிக்குத் தெரிவதில்லை. வண்டி மாறாமல் எல்லையைக் கடக்கலாம் என்பதே இப்பகுதி மக்களுக்கு ரயில் அளித்த முதல் நன்மை.

பாதை திறக்கப்பட்டபோது அதன் மேல் மின்கம்பி இல்லை. எர்ணாகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வரை 2000-களின் நடுப்பகுதியில் மின்மயமாக்கல் நிறைவேறியது. தெற்குப் பகுதி அதன்பின் சில ஆண்டுகள் டீசலிலேயே இயங்கிற்று. 2010-களின் முற்பகுதியில் நாகர்கோவில், கன்னியாகுமரி வரையிலும் மின்கம்பி எட்டியது. கொல்லத்தில் 2013-இல் மெமு வண்டிகளுக்கான பராமரிப்புக் கூடம் அமைந்தது. மெமு என்பது எஞ்சினைத் தனியாகப் பூட்டாமல், பெட்டிகளிலேயே மின்மோட்டார்களைக் கொண்ட தொடர்.

நாட்டின் அனுபவம்

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாயில் விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. தென்னாட்டில் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை 1931-இல் மின்மயமாயிற்று. இரண்டும் புறநகர்ப் பாதைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நீண்ட தூரப் பாதைகளுக்கு முன்னதாகவே, அடிக்கடி நின்று செல்லும் புறநகர் ரயில்களுக்கு மின்சாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குத் தகுந்த காரணம் உண்டு. அதைப் பின்னர் கணக்கோடு காண்போம்.

அக்காலத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் பயன்பட்டது. குறைந்த அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டம் தேவைப்படுவதால் தடித்த கம்பிகளும் அடுத்தடுத்துத் துணை மின்நிலையங்களும் வேண்டியிருந்தன. பிரான்சு நாட்டில் 1950-களில் வெற்றி கண்ட 25,000 வோல்ட் மாறுமின்சார முறையை இந்திய ரயில்வே 1957-இல் ஏற்றுக்கொண்டது. இதனால் கம்பி மெலிந்தது, துணை மின்நிலையங்களின் இடைவெளி பல பத்து கிலோமீட்டராக விரிந்தது, செலவு குறைந்தது. சென்னை புறநகர்ப் பாதையும் 1960-களில் இம்முறைக்கு மாற்றப்பட்டது.

அதே காலத்தில் டீசல் எஞ்சின்களும் பெருகின. அமெரிக்காவிலிருந்து 1962-இல் வந்த டபிள்யூ.டி.எம்.2 வகை, பின்னர் வாரணாசித் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் உருவாயிற்று. நீராவி எஞ்சினை அகற்றும் பணியில் பெரும்பங்கு டீசலுக்கே உரியது. கம்பி போட வேண்டியதில்லை. எஞ்சினை வாங்கினால் மறுநாளே ஓட்டலாம். மூலதனம் பற்றாக்குறையாக இருந்த ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இது பெரும் வசதியாக இருந்தது. போக்குவரத்து மிகுந்த பாதைகளுக்கு மின்சாரம், மற்றவற்றுக்கு டீசல் என்பதே நெடுங்காலக் கொள்கை. எஞ்சிய எல்லா அகலப் பாதைகளையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை 2018 செப்டம்பரில் ஒப்புதல் அளித்ததோடு அக்கொள்கை மாறியது.

இரண்டும் இயங்கும் முறை

டீசல் எஞ்சின் என்று நாம் அழைப்பதும் உண்மையில் மின்மோட்டாரால்தான் சக்கரங்களைச் சுழற்றுகிறது. உள்ளே இருக்கும் டீசல் இயந்திரம் ஒரு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குச் செல்கிறது. அதாவது, டீசல் எஞ்சின் தனது மின்நிலையத்தைத் தானே சுமந்து ஓடுகிறது. மின்சார எஞ்சினுக்கோ அந்தச் சுமை இல்லை. தொலைவில் உள்ள மின்நிலையத்திலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வருகிறது.

இந்த வேறுபாட்டின் விளைவை ஓர் உதாரணத்தால் அறியலாம். டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினின் எடை ஏறத்தாழ 113 டன். அதன் ஆற்றல் 2,600 குதிரைத்திறன். டபிள்யூ.ஏ.பி.4 மின்சார எஞ்சினும் ஏறத்தாழ அதே எடை உடையது. ஆனால் ஆற்றல் சுமார் 5,000 குதிரைத்திறன். ஒரே எடைக்குக் கிட்டத்தட்ட இருமடங்கு ஆற்றல் கிடைக்கிறது.

மற்றொரு வேறுபாடு பிரேக் போடும்போது தெரியும். 1990-களின் நடுப்பகுதியில் நம் நாட்டுக்கு வந்த மூன்று கட்ட மின்னியக்க முறையில், வேகம் குறைக்கப்படும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறிக் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. டீசல் வண்டியில் இத்தகைய வாய்ப்பு இல்லை. ஓடும் வேகத்தில் அடங்கிய ஆற்றல் முழுவதும் வெப்பமாக வீணாகிறது.

நின்று செல்லும் ரயிலின் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு 71 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை, பள்ளியாடி, இரணியல் என ஏறத்தாழ 12 இடங்களில் நின்று புறப்பட வேண்டும். விரைவு ரயிலுக்கு முக்கியமானது உச்ச வேகம். இத்தகைய வண்டிக்கு முக்கியமானது, நின்ற நிலையிலிருந்து எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கிறது என்பது.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். முடுக்கம் நொடிக்கு நொடி 0.2 மீட்டர் எனக் கொண்டால், அந்த வேகத்தை எட்ட 83 நொடி ஆகும். முடுக்கம் 0.5 மீட்டரானால் 33 நொடி போதும். நிற்காமல் அதே வேகத்தில் செல்வதோடு ஒப்பிட்டால், இழக்கும் நேரம் இதில் பாதி. அதாவது முதல் வண்டிக்கு 42 நொடி, இரண்டாம் வண்டிக்கு 17 நொடி. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் 25 நொடி மிச்சம். 12 புறப்பாடுகளுக்கு 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம். நீண்ட தொடரை இழுக்கும் டீசல் எஞ்சின் முதல் நிலைக்கும், நல்ல மோட்டார்கள் கொண்ட மின்தொடர் இரண்டாம் நிலைக்கும் நெருங்கியவை எனக் கருதலாம்.

ஆற்றலின் கணக்கும் உண்டு. 400 டன் எடையுள்ள தொடரை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, உராய்வு நீங்கலாகவே ஏறத்தாழ 15 யூனிட் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பத்தில் சுமார் 30 விழுக்காடு சக்கரத்தை எட்டுகிறது எனக் கொண்டால், ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஏறத்தாழ ஐந்து லிட்டர் டீசல் செலவாகும். பன்னிரண்டு முறை நின்று புறப்பட்டால் 60 லிட்டர். மின்தொடரும் அதே 15 யூனிட்டைச் செலவிடுகிறது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிரேக் போடும்போது மீட்டாலும், ஒரு பயணத்தில் 60 யூனிட் அளவு கம்பிக்குத் திரும்பும். நிறுத்தங்கள் நெருங்க நெருங்க மின்சாரத்தின் சாதகம் கூடுகிறது. சென்னையிலும் பம்பாயிலும் புறநகர்ப் பாதைகள் முதலில் மின்மயமானதன் காரணம் இதுவே.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாகிறது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இதன் ஆபத்தை உலகுக்கே உணர்த்திற்று. டீசலில் ஓடும் பாதை ஒவ்வொன்றும் அந்த ஆபத்தில் பங்குகொள்கிறது.

மின்சாரத்தைப் பல வழிகளில் ஆக்கலாம். இப்பாதையைச் சுற்றியே பார்ப்போம். வடக்கே இடுக்கி நீர்மின் நிலையம் 780 மெகாவாட் திறனுடையது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் உள்ளன. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் ரயிலிலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றன. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2013-இல் மின்தொகுப்போடு இணைந்தது. இவை யாவும் ஒரே மின்தொகுப்பில் கலப்பதால், எந்த அலகு ரயிலுக்குச் சென்றது என்று பிரித்துக் கூற இயலாது. ஆனால் நாளை தூய்மையான மின்சாரம் பெருகினால், ரயிலை மாற்றாமலே ரயிலின் ஆற்றல் தூய்மையாகும்.

இவ்விடத்தில் நேர்மையான கணக்கு வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அதிலும் ஒரு பகுதி வழியில் இழக்கப்படுகிறது. ஆகவே எரிபொருளின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால், நிலக்கரி மின்சாரம் டீசலைவிட மிகவும் சிக்கனமானது என்று கூற முடியாது. புகை மறைந்துவிடவில்லை, வேறொரு மாவட்டத்துக்கு இடம் மாறியுள்ளது. எனினும் நிலைய மேடையில் நிற்கும் பயணிக்கும், எஞ்சின் ஓட்டுநருக்கும், பாதைப் பராமரிப்புத் தொழிலாளிக்கும் இது மெய்யான நன்மை. டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியுள்ளது.

டீசலின் தரப்பு

டீசலுக்குச் சார்பான வாதங்களையும் புறக்கணித்தல் தகாது. முதலாவது, மூலதனம். கம்பி, கம்பங்கள், துணை மின்நிலையங்கள், உயர்த்தப்பட வேண்டிய பாலங்கள், மாற்றப்பட வேண்டிய சமிக்ஞை வடங்கள் ஆகிய யாவும் ரயில்கள் சிலவாயினும் பலவாயினும் ஏறத்தாழ ஒரே செலவையே கேட்கும். நாளொன்றுக்கு ஐந்தாறு ரயில்கள் மட்டும் ஓடும் பாதையில் அச்செலவு பயனாக மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும். ரயில்கள் மிகுதியாக ஓடினால் விரைவில் மீளும்.

இரண்டாவது, இடர் வரும்போது தாங்கும் ஆற்றல். ஒரு டீசல் எஞ்சின் பழுதானால் ஒரு ரயில் நிற்கும். கம்பி அறுந்தால் அப்பகுதியில் எல்லா ரயில்களும் நிற்கும். தென்னையும் ரப்பரும் அடர்ந்த இப்பகுதியில் காற்றில் சாயும் மரங்கள் கம்பிக்குப் பகை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்ததை இங்குள்ளோர் அறிவர். விபத்து மீட்பு வண்டிகளும், கம்பியைப் பழுதுபார்க்கும் வண்டிகளும் டீசலில் இயங்கியே ஆக வேண்டும். எனவே மின்மயமான பாதையிலும் ஒரு சிறு டீசல் படை தேவை.

மூன்றாவது, பயணிக்கு வேண்டிய பல நன்மைகளை டீசல் தொடர்களும் தரவல்லவை. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்ட டெமு தொடர்கள் 1990-களிலிருந்து நம் நாட்டில் ஓடுகின்றன. கன்னியாகுமரி போன்ற கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டும் வேலை அவற்றுக்கு இல்லை. இலங்கையில் கொழும்பு புறநகர் ரயில்கள் இன்றளவும் டீசல் தொடர்களாலேயே இயங்குகின்றன. அத்தொடர்களில் சில சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலையில் உருவானவை. நாள்தோறும் பெருந்திரளான மக்களை அவை சுமக்கின்றன. ஆகவே எஞ்சின் தனியாகப் பூட்டிய வண்டிக்கும் தொடர்வண்டிக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. டீசலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாடு மற்றொன்று. விவாதங்களில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஒற்றைப் பாதை என்னும் கட்டு

மின்கம்பி வந்த பின்னரும் எல்லைப்புறப் பயணி எதிர்பார்த்த அளவுக்கு ரயில்கள் பெருகவில்லை. இதற்கு விடை மேலே உள்ள கம்பியில் இல்லை. கீழே உள்ள தண்டவாளத்தில் உள்ளது. 1979-இல் இது ஒற்றைப் பாதையாகவே போடப்பட்டது. எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், ஒன்று நிலையத்தில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். நீண்ட தூர ரயில்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே காத்திருப்பது பெரும்பாலும் உள்ளூர்ப் பயணிகள் வண்டியே.

ஒற்றைப் பாதையின் கொள்ளளவை மதிப்பிட ரயில்வேயில் ஸ்காட் சூத்திரம் என்னும் எளிய முறை வழங்குகிறது. நாளின் 1,440 நிமிடங்களை 0.7 ஆல் பெருக்கினால் 1,008. இதை, மிக நீண்ட இடைப்பகுதியைக் கடக்கும் நேரத்தோடு சமிக்ஞைப் பணிக்கான நேரத்தைச் சேர்த்து வரும் தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கடக்கும் நேரம் 15 நிமிடம், சமிக்ஞைக்கு 5 நிமிடம் என்றால், நாளொன்றுக்கு இரு திசையிலும் சேர்த்து 50 ரயில்கள் ஓடலாம்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமரவிளை, தனுவச்சபுரம் ஆகிய சிறு நிறுத்தங்கள் உள்ளன. ஒரு வண்டி இப்பகுதியில் மூன்று முறை புறப்பட்டு வேகம் பிடிக்க வேண்டும். முன்பு கண்ட கணக்கின்படி மின்தொடர் இங்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சப்படுத்தும். கடக்கும் நேரம் 15-லிருந்து 14 நிமிடமானால், 50 ரயில்கள் 53 ஆகும். மூன்று ரயில்கள் கூடுதல். இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் இரண்டாம் தண்டவாளம் போட்டால், எதிர் ரயிலுக்குக் காத்திருப்பதே நீங்கி, கொள்ளளவு இருமடங்குக்கும் மேல் உயரும்.

திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதைத் திட்டம் 2010-களின் நடுப்பகுதியில் ஒப்புதல் பெற்று, பகுதி பகுதியாக நிறைவேறி வருகிறது. இப்பகுதி குன்றும் பள்ளமுமானது, வீடுகள் நெருங்கியது. நிலம் எடுத்தல், மண் வெட்டுதல், பாலங்கள் கட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் காலம் பிடிக்கும். 2021 நவம்பரில் பெய்த கனமழையால் திருவனந்தபுரம்–நாகர்கோவில் பகுதியில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. அன்று டீசல் எஞ்சின் இருந்திருந்தாலும் ஓடியிராது. மண் சரிவைத் தடுக்கும் சுவர்களும் வடிகால்களும் இப்பாதைக்கு எஞ்சினைப் போலவே இன்றியமையாதவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பயணியின் நிலையிலிருந்து

பாறசாலையிலிருந்து நாள்தோறும் தலைநகருக்குச் செல்லும் ஒரு கடைப் பணியாளர், தம்மை இழுப்பது டீசலா மின்சாரமா என்று கேட்பதில்லை. வேலைக்கு உரிய நேரத்தில் சேர முடியுமா, மாலையில் கடை அடைத்த பின் திரும்ப வண்டி உண்டா, கட்டணம் கட்டுப்படியாகுமா என்றே கேட்பார். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சாதாரணப் பயணிகள் ரயில்கள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது அவற்றில் விரைவு ரயில் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில்தான் பழைய சாதாரணக் கட்டணம் திரும்பிற்று. அந்த ஆண்டுகளில் எளிய பயணியைப் பாதித்தது எஞ்சினின் வகையன்று, பயணச்சீட்டின் விலையே.

இதனால் மின்மயமாக்கல் வீண் என்று பொருள் கொள்ளலாகாது. இயக்கச் செலவு குறையும்போது, அதே பணத்தில் கூடுதல் வண்டிகளை இயக்க வாய்ப்பு பிறக்கிறது. அவ்வாய்ப்பு பயணியை எட்டுவதற்குத் தொடர்வண்டிகள் வாங்கப்பட வேண்டும். தண்டவாளம் இரட்டிக்க வேண்டும். கால அட்டவணை உள்ளூர்த் தேவையை நோக்கித் திருத்தப்பட வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் பயன் பாதியில் தேங்கிவிடும். வளர்ச்சித் திட்டங்களில் ஒரு பகுதியை மட்டும் நிறைவேற்றி முழுப் பயனை எதிர்பார்ப்பது பல துறைகளில் நாம் காணும் குறை. வாய்க்கால் வெட்டாமல் அணை கட்டுவதை ஒத்தது அது.

செய்யத்தக்கவை

இந்நிலையில் நான்கு கருத்துகளை உங்கள் ஆய்வுக்கு வைக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, இரட்டைப் பாதை நிறைவேறும் பகுதிகளில் கிடைக்கும் கூடுதல் கொள்ளளவில் ஒரு பங்கு உள்ளூர்ப் பயணிகள் வண்டிக்கென ஒதுக்கப்பட வேண்டும். காலை ஏழு முதல் பத்து மணி வரையிலும் மாலை ஐந்து முதல் எட்டு மணி வரையிலும் சீரான இடைவெளியில் வண்டிகள் ஓடுமானால், ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்ததில் ஏறலாம் என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கை பிறக்கும்வரை அவர் நெடுஞ்சாலையைத்தான் நாடுவார்.

இரண்டாவதாக, அடிக்கடி நிற்கும் சேவைக்கு மூன்று கட்ட மோட்டார் கொண்ட மின்தொடர்களையே அளித்தல் வேண்டும். மின்கம்பியின் கீழே எஞ்சின் பூட்டிய பழைய தொடரை நின்று நின்று செல்லவிடுவது, போட்ட மூலதனத்தை முழுமையாகப் பயன்படுத்தாமை ஆகும்.

மூன்றாவதாக, இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் பேருந்து நேரங்களை ரயிலோடு இணைக்க வேண்டும். பாறசாலை நிலையத்தில் இறங்குபவருக்குக் களியக்காவிளைச் சந்தைக்கும் உட்கிராமங்களுக்கும் உடனே பேருந்து கிடைக்குமாயின், எல்லையின் இரு புறமும் பயன்பெறும். ரயில்வே கோட்டத்தின் எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றி வெவ்வேறு கருத்துகள் உள்ளன. அது எவ்வாறு முடிவானாலும் இந்த ஒருங்கிணைப்பு நிற்க வேண்டியதில்லை.

நான்காவதாக, மின்கம்பியின் பாதுகாப்பு. 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டியதில்லை. மிக அருகில் சென்றாலே உயிருக்கு ஆபத்து. பெட்டிகளின் மேல் ஏறுதல், உலோகத் துரட்டியால் பாதையோரத்தில் தேங்காய் பறித்தல், கடவுப்பாதையின் உயர வரம்புக்கு மேல் சுமை ஏற்றிச் செல்லல் ஆகியவற்றின் அபாயத்தைப் பள்ளிகளும் ஊராட்சிகளும் விளக்க வேண்டும். பாதையை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் மரங்களை மழைக்காலத்துக்கு முன்பே அகற்ற, உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு வழங்கி ஒத்துழைப்புப் பெறுதல் நலம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நிலையத்தில் ஒரு வாரம், ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், ஏறியோர் தொகை, கடப்புக்காகக் காத்திருந்த நிமிடங்கள் ஆகியவற்றைக் குறித்துப் பாருங்கள். காலதாமதத்தில் எவ்வளவு எஞ்சினால், எவ்வளவு ஒற்றைப் பாதையால், எவ்வளவு அட்டவணையால் என்பது அப்போது புலப்படும். அத்தகைய குறிப்பு அலுவலர்களின் கையில் சேருமாயின், வெறும் கோரிக்கை மனுவைவிட அதற்கு மதிப்பு மிகுதி. அலுவலர்களும் அதனைப் பொறுமையுடன் பெற்று ஆராய வேண்டும்.

டீசலா மின்சாரமா என்னும் வினாவுக்கு, நின்று செல்லும் ரயில்களைப் பொறுத்தவரை, மின்சாரமே மேல் என்பது கணக்கால் உறுதியாகிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை மக்களைப் பொறுத்தவரை அந்த வினா தீர்ந்துவிட்டது. எத்தனை வண்டிகள், எந்த நேரத்தில், என்ன கட்டணத்தில் என்னும் வினா இன்னும் தீரவில்லை. இனி நம் கவனம் அதில் செல்லட்டும்.